ஒரே முகம் கொண்ட நகரங்கள்

தில்லி பிரகதி மைதானத்தில் நின்ற ‘ஹால் ஆஃப் நேஷன்ஸ்’ கண்காட்சி மண்டபம் 2017 ஏப்ரலில் இரவோடு இரவாக இடிக்கப்பட்டது. விடுதலையின் வெள்ளி விழா ஆண்டான 1972இல் எழுப்பப்பட்ட மண்டபம் அது. வடிவமைத்தவர் ராஜ் ரேவால். கட்டுமானப் பொறியாளர் மகேந்திர ராஜ். அறுபது ஆண்டு நிறையாத கட்டடத்தை மரபுச் சின்னமாகக் கருத இயலாது என்றது அதிகாரிகள் தரப்பு.

அம்மண்டபம் அவ்வடிவத்தை ஏன் பெற்றது என்பது கவனத்திற்குரியது. நடுவில் தூண் இல்லாமல் பெரும்பரப்பை மூடும் சட்டகங்களைப் பிற நாடுகளில் எஃகால் அமைப்பது வழக்கம். இங்கோ எஃகு அரிது. உழைக்கும் கைகளுக்குப் பஞ்சமில்லை. ஆகவே கான்கிரீட்டைக் களத்திலேயே வார்த்து, முக்கோணங்களாகப் பிணைத்து உயர்த்தினர். பற்றாக்குறையிலிருந்து பிறந்த தீர்வு, உலகெங்கும் கட்டடக் கலைஞர்கள் பேசும் வடிவமாயிற்று.

தில்லி எல்லையைத் தாண்டிக் குருகிராமம் சென்றால் கண்ணாடிக் கோபுரங்கள். ஐதராபாத்திலும் பெங்களூருவிலும் அவையே. இரசனை வறண்டுவிட்டது என்று புலம்புவோர் காரணத்தை விட்டு அறிகுறியைப் பற்றிக்கொள்கின்றனர். 2019 முதல் இந்நாட்டில் அலுவலகக் கட்டடங்களின் வாடகை வருவாய் கூறு போடப்பட்டுப் பங்குச் சந்தையில் விற்பனையாகிறது. கட்டடத்தைக் கண்ணால் கண்டிராத முதலீட்டாளனுக்கு, ஒன்றைப் போல் மற்றொன்று இருப்பதே வசதி. மே மாத வெயிலைக் கண்ணாடி உள்ளே விடுகிறது. குளிரூட்டி அதை வெளியே தள்ளுகிறது. வாயிலில் நிற்கும் காவலாளி அதைச் சுமக்கிறார். ‘ஸ்டாண்டர்டைசேஷன்’ என்பதைத் ‘தரப்படுத்தல்’ என்றே இத்தனை ஆண்டும் மொழிபெயர்த்துவந்தேன். அதில் தரம் எங்கே இருக்கிறது என்று இப்போது ஐயம் எழுகிறது.

சோவியத் குடியிருப்புகள் மட்டும் ஒரே அச்சில் வார்க்கப்படவில்லையா என்று தோழர்களே கேட்கக்கூடும். வார்க்கப்பட்டன, அழகற்றவையாகவும் இருந்தன. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் பல குடும்பங்கள் ஒரே சமையலறையைப் பங்கிட்டு வாழ்ந்த நிலையிலிருந்து, கோடிக்கணக்கானோருக்குத் தனி வீடு கிடைத்தது அவ்வார்ப்புகளால்தான். நமது கண்ணாடிக் கோபுரங்களைக் கட்டிய தொழிலாளி தகரக் கொட்டகையில் உறங்குகிறார்.

கேரளம் வேறொரு வழியைக் காட்டியது. லாரி பேக்கரும் தோழர் அச்சுத மேனனும் இணைந்து 1985இல் ‘காஸ்ட்ஃபோர்டு’ அமைப்பை நிறுவினர். செங்கல்லைப் பக்கவாட்டில் நிமிர்த்தி, நடுவே வெற்றிடம் விட்டு அடுக்கும் ‘எலிப்பொறிக் கட்டு’ பேக்கர் பரப்பிய முறை. செங்கல்லில் ஏறத்தாழக் கால் பங்கு மிச்சம். வெற்றிடம் வெப்பத்தைத் தடுக்கும். ஆனால் இதற்குத் தேர்ந்த கொத்தனார் வேண்டும். செலவில் பொருளின் பங்கு குறைந்து கூலியின் பங்கு கூடும். ஒப்பந்ததாரர்களுக்கு இது இனிப்பதில்லை.

பிரகதி மைதான வளாகத்தில் 2023 ஜூலையில் ‘பாரத் மண்டபம்’ திறக்கப்பட்டது. அதன் வடிவம் சங்கிலிருந்து பெறப்பட்டதாம். உருவத்தை ஒட்டவைப்பதன்று பன்மை. மண்ணும் வெயிலும் கைத்திறனும் வடிவத்தைத் தீர்மானிக்க இடமிருக்க வேண்டும். கட்டுமானத் தொழிலாளர்களுக்கெனத் திரளும் செஸ் நிதியிலிருந்து கொத்தனார்களுக்கும் சித்தாள்களுக்கும் இத்தகைய முறைகளில் ஊதியத்துடன் பயிற்சி அளிக்க வேண்டும். அரசு வீட்டுத் திட்டங்களில் அவற்றுக்கு இடம் ஒதுக்க வேண்டும். நமது கட்டுமானச் சங்கங்களின் கோரிக்கைப் பட்டியலில் இவ்விரண்டும் இடம்பெறட்டும்.