அக்கரையில் ஓர் இக்கட்டு

நெய்வேலி நகரியத்திற்குத் தொலைவிலில்லாத பரங்கிப்பேட்டை, மரைக்காயர்தம் மரக்கலங்கள் இலங்கைக்குச் சென்று மீண்ட துறை. அந்த அண்டைநாட்டு வாணிகமே இன்று கொழும்பில் ஓர் ஆளுங்கட்சியை இருதலைக்கொள்ளி எறும்பாக்கியுள்ளது.

1965இல் தோன்றிய மக்கள் விடுதலை முன்னணி, 'இந்திய விரிவாக்கம்' என்பதனைத் தொண்டர்க்குத் தனிப்பாடமாகவே புகட்டிய கட்சி. 1987க்குப் பின் இந்தியப் பொருள்களை விற்கலாகாதென அதன் போராளிகள் கடைக்காரரை அச்சுறுத்தியதும் உண்டு. அதன் தலைவர் அனுர குமார திசாநாயக்க 2024 செப்டம்பரில் அதிபரானார். டிசம்பரில் தில்லி வந்து, தம் கட்சி எதிர்த்துவந்த பொருளாதார, தொழில்நுட்ப ஒத்துழைப்பு உடன்பாடு குறித்துப் பேச்சைத் தொடர இசைந்தார்.

"கொள்கையை விற்றுவிட்டார்" என நகைத்தார் என் மாணவரொருவர். எனக்கு நகைப்பு வரவில்லை. 2022இல் எரிபொருளுக்கு வரிசையில் நின்ற நாடு அது. இந்தியா ஏறத்தாழ 400 கோடி டாலர் அளவுக்குக் கைகொடுத்தது. பழைய முழக்கத்தால் அடுப்பெரியாது.

ஆயினும் தொண்டரின் ஐயம் முற்றும் பொய்யன்று. 1998இல் கையெழுத்தாகி 2000இல் நடைமுறைக்கு வந்த தடையிலா வாணிக உடன்பாட்டில், தொடக்கத்தில் இலங்கைத் தேயிலைக்கு ஆண்டுக்கு 1.5 கோடி கிலோ என்றும், ஆடைகளுக்கு 80 இலட்சம் என்றும் சலுகைக்கு வரம்பிட்டோம். அண்டைவீட்டார் எதனைச் சிறப்பாகச் செய்வாரோ அதற்கே அளவுகோல். பெயர் மட்டும் 'தடையிலா'!

ஆதலின் முதலில் விட்டுக்கொடுக்க வேண்டியது பெரிய நாடே என்பது என் கருத்து. அக்கட்சியும் உடன்பாட்டு வரைவைக் கையெழுத்துக்கு முன்னரே சிங்களத்திலும் தமிழிலும் வெளியிடட்டும். யாழ்ப்பாணத்து வெங்காயப் பயிராளி தன் விளைச்சலுக்கு நேரவிருப்பதைத் தன் மொழியிலேயே படித்தறியட்டும்.