பெரிய வீட்டை விட்டு இறங்கியவர்கள்

ஓய்வு பெறும் வயதை நெருங்கியவர்கள் நாலு பேர் கூடினால் பேச்சு எப்படியும் மலைக்குப் போய்விடுகிறது. இரண்டு அறை, சின்னத் தோட்டம், ஜன்னலுக்கு வெளியே மான். அந்தக் கனவில் யாருக்கும் வேலை கிடையாது. விலங்குகளும் வேலிக்கு அந்தப் பக்கமே நின்று போட்டோவுக்கு முகம் காட்டும். இப்படிக் கனவு காண்கிறவர்களை ஒரு குளிர்காலம் லடாக்குக்கு அனுப்பிவைக்க வேண்டும் என்பது என் கட்சி.

லே நகரமே 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கிராமங்கள் பல அதற்கும் மேலே. மழையை நம்பி அங்கே எதுவும் விளையாது. உருகி வரும் பனிநீரை வாய்க்காலில் திருப்பித்தான் வாற்கோதுமை போடுகிறார்கள். அந்தக் குளிர்ப் பாலைவனத்தில் ஓய்வுக்கென்றே ஒரு பழைய ஏற்பாடு உண்டு. மூத்த மகனுக்குக் கல்யாணமாகி அவன் குடும்பம் நிலைத்ததும், பெற்றோர் பெரிய வீட்டை அவனிடம் விட்டுவிட்டுப் பக்கத்திலுள்ள சிறிய வீட்டுக்குக் குடிபோவார்கள். அதற்குக் கங்பு என்று பெயர். கூடவே ஒரு துண்டு நிலம், சில ஆடு மாடுகள். இன்று எல்லாக் குடும்பமும் இப்படிச் செய்வதில்லை. ஆனாலும் அதிலுள்ள யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. கங்புவுக்குப் போனவர் விடுவது வேலையை அல்ல, அதிகாரத்தை. எந்த வயலில் என்ன போடுவது என்று இனி மகன் சொல்வான். அப்பா கம்பளி நூல் நூற்பார், மணிச்சக்கரம் சுற்றுவார், ஆடும் மேய்ப்பார்.

ஆடு மேய்க்கப் போனால் பனிச்சிறுத்தையோடும் ஓநாயோடும் கணக்குத் தீர்க்க வேண்டும். மலையில் பாரல் என்னும் காட்டாடு கிடைக்காதபோது சிறுத்தை ஊர்ப்பட்டியைத் தேடி வரும். கூரை சரியில்லாத பட்டிக்குள் ஒரு ராத்திரி இறங்கிவிட்டால் ஒரு ஆட்டோடு நிற்காது. மிரண்டு ஓடுவதையெல்லாம் அடித்துப் போடும். ஓநாய்க்கு ஷங்டொங் என்ற கற்குழி இருந்தது. உள்பக்கம் சாய்ந்த சுவர், உள்ளே இரையாக ஒரு விலங்கு. குதித்த ஓநாய் ஏற முடியாது. ஊரே கூடிக் கல்லால் அடித்துக் கொல்லும். இன்று தள்ளாத வயதில் இருக்கும் பலர் இளமையில் அந்தக் கூட்டத்தில் நின்றிருப்பார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. செத்தது அவர்களுடைய ஆடு.

2018இல் சுஷூல் கிராமத்தில் இந்தக் குழிகளைச் செயலிழக்கச் செய்து, பக்கத்தில் ஒரு ஸ்தூபியும் எழுப்பினார்கள். ஹெமிஸ் தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் ரும்பக் போன்ற ஊர்களில் பட்டிக்குக் கம்பிவலைக் கூரை வந்தது. வீட்டின் ஒரு அறை விருந்தினருக்கானது. காட்டாடுகள் கீழே இறங்கும் குளிர்காலத்தில் சிறுத்தையும் பின்னாலேயே இறங்குவதால், ஊருக்கு வேறு வருமானமில்லாத மாதங்களில் அதைப் பார்க்க ஆள் வருகிறது. விருந்தினரைக் கவனிப்பது பெரும்பாலும் பெண்கள். அந்தப் பணம் அவர்கள் கையில் நிற்கிறது. 2024இல் வெளியான கணக்கெடுப்பின்படி இந்தியாவிலுள்ள 718 பனிச்சிறுத்தைகளில் 477 லடாக்கில் இருக்கின்றன. ஆடு திருடிய பிராணி சம்பாதித்துக் கொடுக்கிற பிராணியாகிவிட்டது.

மகனுக்கும் மிருகத்துக்கும் இடம் விட்ட விதத்தில் எனக்கு ஒரே குணம் தெரிகிறது. விட்டுக்கொடுத்தார்கள், ஆனால் விவரமாக விட்டுக்கொடுத்தார்கள். மகனிடம் வீட்டைக் கொடுத்தவர் தன் சோற்றுக்கு ஒரு துண்டு நிலத்தை வைத்துக்கொண்டார். சிறுத்தைக்கு மலையை விட்டவர் பட்டிக்குக் கம்பி போட்டார். நம் வீடுகளில் ஒன்று கடைசிவரை சாவியை விடுவதில்லை. இல்லையென்றால் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டுத் தவிக்கிறோம்.

அங்கேயும் எல்லாம் சரியாக இல்லை. பிள்ளைகள் படிப்புக்கு லேவுக்குப் போகிறார்கள்; பிறகு ராணுவம், அரசு வேலை, டாக்சி. பெரிய வீட்டை விட்டு இறங்கப் பெரியவர்கள் தயார், ஏறி வரத்தான் ஆள் குறைகிறது. எழுபது வயதிலும் அவர்களே வாய்க்கால் வெட்டி, அவர்களே ஆட்டை ஓட்டிக்கொண்டு மலையேற வேண்டியிருக்கிறது. சுற்றுலா வருமானத்தை நம்பி ஒன்றிரண்டு இளைஞர்கள் வழிகாட்டிகளாகத் திரும்பியிருக்கிறார்கள். மகனை ஊருக்கு இழுத்து வரும் வேலையையும் இனி அந்தச் சிறுத்தையேதான் பார்க்க வேண்டும் போலிருக்கிறது.