விரியன் என்ற ஒரு சொல்

கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என மூன்று பாம்புகளுக்குத் தமிழ் ஒரே குடும்பப் பெயரைச் சூட்டி வைத்திருக்கிறது. விலங்கியல் இதை ஏற்பதில்லை. கட்டுவிரியன் நல்ல பாம்பின் உறவு. அதன் நஞ்சு நரம்பைத் தாக்கும். மற்ற இரண்டின் நஞ்சு குருதியின் உறைதன்மையைக் கெடுக்கும். கண்ணாடி விரியனின் நஞ்சு சிறுநீரகத்தையும் விட்டுவைப்பதில்லை. "விரியன் கடிச்சிருச்சுங்க" என்று ஒரு குடும்பம் ஆரம்ப சுகாதார நிலையத்தின் வாசலில் வந்து நிற்கையில், பணியிலிருக்கும் இளம் மருத்துவர் அந்தச் சொல்லை மட்டும் நம்பி ஒரு முடிவுக்கும் வரலாகாது. நோயாளியின் உடல் சொல்வதையே அவர் வாசித்தறிய வேண்டும்.

தமிழிலக்கியம் கற்பிக்கும் நமக்கு இதில் என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கலாம். கற்றல் பட்டத்தோடு முடிகிறதா, தொழிலோடு தொடர்கிறதா என்பது ஆசிரியப் பணியில் உள்ள எவருக்கும் உரிய கேள்வி. அக்கேள்விக்குச் சில மணி நேரத்திலேயே விடை தெரிந்துவிடும் இடம் அவசர சிகிச்சைப் பிரிவு. இந்திய மருத்துவக் கவுன்சில் அவசர மருத்துவத்தைத் தனித்துறையாக ஏற்றதே 2009இல்தான். ஆயினும் பாம்புக்கடி பட்டவர் முதலில் காண்பது பெரும்பாலும் அத்துறை வல்லுநரை அன்று. அருகிலுள்ள ஊரின் பொது மருத்துவரையும் செவிலியரையுமே.

2020இல் வெளியான ஓர் ஆய்வு, 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஏறத்தாழ 12 லட்சம் பேர், அதாவது ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர், பாம்புக்கடியால் இறந்ததாகக் கணக்கிட்டது. இறந்தோரில் பெரும்பாலோர் சிற்றூர்களில் வாழ்ந்தவர்கள். நஞ்சுமுறி மருந்துக்கான மூலப்பொருள் தமிழகத்திலிருந்தே செல்கிறது. மாமல்லபுரத்தை அடுத்த வடநெம்மேலியில், 1978இல் நிறுவப்பட்ட இருளர் கூட்டுறவுச் சங்கம் பாம்புகளைக் கொல்லாமல் நஞ்செடுத்து வழங்கி வருகிறது. ஆனால் மருந்து இருப்பது வேறு, அதை எப்போது, எவ்வளவு, எதை எதிர்பார்த்துச் செலுத்துவது என்ற அறிவு இருப்பது வேறு.

கட்டுவிரியனையே எடுத்துக்கொள்வோம். இரவில், தரையில் படுத்துறங்குவோரை அது கடிக்கிறது. வலி பெரிதாக இராது. பல்தடம் கண்ணுக்குத் தெரியாமலும் போகலாம். விடியற்காலையில் வயிற்று வலியோடு எழுபவரை அஜீரணம் என்று திருப்பி அனுப்பிவிட்டால், இமைகள் தாழ்ந்து, பேச்சுக் குழறி, மூச்சுத் தசைகள் ஓயும்போது காலம் கடந்திருக்கும். முற்றிலும் செயலிழந்து கிடப்பவர் மூளைச் சாவு அடைந்தவர் போலவே தோன்றக்கூடும். ஆனால் அவருக்கு நினைவிருக்கும், காதும் கேட்கும். செயற்கைச் சுவாசத்தில் சில நாட்கள் தாங்கிப் பிடித்தால் எழுந்து நடப்பார். இதை அறிந்த மருத்துவரும் அறியாத மருத்துவரும் ஒரே பட்டத்தைத்தான் சுவரில் மாட்டியிருப்பார்கள்.

இத்துறையில் புதிதாகக் கற்பதைக் காட்டிலும் பழையதை மறப்பது கடினம். கடிவாய்க்கு மேலே இறுகக் கட்டுதல், கீறுதல், உறிஞ்சுதல் ஆகியவை கைவிடப்பட்டன. கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து விரைந்து மருத்துவமனை சேர்ப்பதே இன்றைய நெறி. கட்டோடு வருபவரின் கட்டைச் சட்டென்று அவிழ்ப்பதும் ஆபத்து. தேங்கிய நஞ்சு ஒருசேர உடலில் பரவக்கூடும் என்பதால், எல்லாம் ஆயத்தமான பின்னரே அவிழ்க்க வேண்டும். நஞ்சுமுறிக்கு முன் தோலில் ஊசியிட்டுச் சோதிக்கும் வழக்கமும் பயனற்றதென்று விலக்கப்பட்டது. குழந்தைக்கும் பெரியவருக்கும் மருந்தளவு ஒன்றே. பாம்பு ஆளின் எடை பார்த்து நஞ்சைக் குறைப்பதில்லை.

குருதி உறைகிறதா என்று அறிய, சுத்தமான உலர்ந்த கண்ணாடிக் குழாயில் சிறிது இரத்தம் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்க்கிறார்கள். விலை மிகக் குறைந்த சோதனை. ஆனால் குழாய் பிளாஸ்டிக்காகவோ, சோப்புத்தூள் போட்டுக் கழுவியதாகவோ இருந்தால் முடிவு பிழைபடும். அந்தக் குழாயை எடுத்துத் தருபவர் பெரும்பாலும் செவிலியர். வள்ளுவர் மருத்துவத்தை நான்காகப் பகுத்தபோது நோயாளி, மருத்துவர், மருந்து ஆகியவற்றோடு உடனிருந்து உதவுபவரையும் சேர்த்தது வெறும் எண்ணிக்கைக்காக அன்று. ஆகவே தொடர்கல்வி மருத்துவருக்கு மட்டும் உரியதாக இருப்பதில் பொருளில்லை.

மருத்துவருக்கேனும் அது போதிய அளவில் இருக்கிறதா? 2002ஆம் ஆண்டின் மருத்துவ நன்னெறி விதிகள் ஐந்தாண்டுகளில் 30 மணி நேரத் தொடர்கல்வியைக் கேட்கின்றன. ஆண்டுக்கு ஆறு மணி. அதையும் நகரத்து விடுதி அரங்கில் அமர்ந்து, கையொப்பமிட்டு, சான்றிதழோடு முடித்துக்கொள்ளலாம். கல்லூரி ஆசிரியர்களாகிய நமக்கு இது புதிதன்று. புத்தொளிப் பயிற்சிகள் பலவும் பதவி உயர்வுக் கோப்பில் சேரும் தாள்களாகவே முடிவதை நாம் கண்டிருக்கிறோம். நம் வகுப்பில் பழைய குறிப்பேடு வாசிக்கப்பட்டால் மாணவர் கொட்டாவி விடுவார். அங்கே விலை வேறு.

இரவு பகலாக உழைக்கும் மருத்துவரை இன்னும் படி என்பது எளிது என்ற மறுப்பில் நியாயம் உண்டு. அதனால்தான் கல்வி பணியிடத்துக்கே செல்ல வேண்டும் என்கிறோம். தமிழக அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியை அறிவிக்கத்தக்க நோயாக ஆக்கியது. இனி ஒவ்வொரு கடியும் பதிவாக வேண்டும். அப்பதிவுகள் மேலே சென்று புள்ளிவிவரமாகி உறங்கிவிடாமல், வந்த இடத்துக்கே பாடமாகத் திரும்ப வேண்டும். தாய் இறப்பு ஒவ்வொன்றையும் ஆராயும் மரபு தமிழக சுகாதாரத் துறைக்கு உண்டு. பாம்புக்கடி இறப்புக்கும் அதை நீட்டிக்கலாம். யார் குற்றவாளி என்று தேடும் விசாரணையாக அன்றி, எந்த மணித்துளியில் எது தவறியது என்று அறியும் வகுப்பாக அது அமைய வேண்டும்.

அவ்வகுப்பு செவிலியரும் 108 வாகனப் பணியாளரும் வாய்விட்டுக் கேள்வி கேட்கும் தமிழில் நடக்க வேண்டும். அதற்கான பாடங்களைத் தெளிவாக எழுதித் தரும் பொறுப்பில் தமிழ்த்துறைகளுக்கும் பங்குண்டு. கலைச்சொல்லாக்கக் கருத்தரங்குகளுக்குச் செலவிடும் நாட்களில் சிலவற்றை இதற்குத் தரலாம். மூன்று விரியன்களின் வேறுபாட்டை ஒரு பக்கத்தில், ஐயத்துக்கு இடமின்றி எழுதுவதிலிருந்தே தொடங்கலாம்.