ஏழு நாள் முகாமுக்கு என்ன வேலை கொடுக்கலாம்?

கேள்வி: ''வரும் பிப்ரவரியில் கல்லூரி மாணவர்கள் 50 பேர் நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்காக எங்கள் ஊருக்கு வருகிறார்கள். போன முறை வந்தவர்கள் ஏரிக்கரையில் 200 மரக்கன்றுகள் நட்டார்கள். சித்திரைக்குள் எல்லாம் காய்ந்துவிட்டன. 'சாப்பாடு போட்டதுதான் மிச்சம், இனிமேல் முகாமே வேண்டாம்' என்று பாதி ஊர் சொல்கிறது. என்ன வேலை கொடுத்தால் ஊருக்குப் பயன்படும்?''
- செய்யாறு பகுதி வாசகர்

பதில்: கன்றுகள் காய்ந்ததற்கு மாணவர்கள் காரணமல்ல. மாசி மாதத்தில் நட்ட கன்றுக்கு அடுத்து வருவது கோடை. வாரம் இரண்டு குடம் தண்ணீர் ஊற்ற ஆள் இல்லையென்றால் வேம்பும் புங்கனும்கூடத் தப்பாது. முகாம் முடிந்த எட்டாம் நாள் அந்த வேலையை யார் பார்ப்பது என்று முன்கூட்டியே பேசியிருக்க வேண்டும். இந்த முறை ஒவ்வொரு வேலைக்கும் அதைப் பேசி முடித்த பிறகு முகாமை நடத்துவது நல்லது.

நாட்டு நலப்பணித் திட்டம் காந்தி நூற்றாண்டான 1969-ல் தொடங்கியது. ஒரு மாணவர் ஆண்டுக்கு 120 மணி நேரம் தொண்டு செய்ய வேண்டும். ஏழு நாள் சிறப்பு முகாம் தனி. ஏழு நாளில் ஏரியைத் தூர்வார முடியாது. மண்வெட்டி பிடித்துப் பழகாத கை இரண்டாம் நாளே கொப்பளித்துவிடும். அதனால் உடல் உழைப்பு காலையில் மூன்று மணி நேரம் போதும். 50 பேரின் படிப்பும் நடையும் எழுத்தும் ஊருக்குக் கிடைப்பதுதான் பெரிய லாபம்.

முதல் வேலை, மண் மாதிரி எடுப்பது. சம்பா அறுவடை முடிந்து நிலம் சும்மா கிடக்கும் பிப்ரவரி இதற்கு ஏற்ற காலம். ஐந்து பேர் கொண்ட பத்துக் குழுக்கள். ஒவ்வொரு குழுவோடும் நிலத்துக்காரர் ஒருவர். ஓர் ஏக்கரில் 10 முதல் 15 இடங்களில் மேல் சருகைத் தள்ளிவிட்டு 'வி' வடிவில் குழி வெட்டி, இரு பக்கமும் மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக மண்ணைச் சுரண்டி எடுக்க வேண்டும். நெல், கேழ்வரகு, நிலக்கடலைக்கு 15 செ.மீ. ஆழம், கரும்பு, வாழைக்கு 22 செ.மீ. வரப்போரம், மரநிழல், எருக்குழி அருகில் எடுக்கக் கூடாது. சேர்ந்த மண்ணைக் கலந்து, நாலாகப் பிரித்து, எதிரெதிர் பாகங்களைத் தள்ளித் தள்ளி அரை கிலோவாகக் குறைத்து, நிழலில் உலர்த்த வேண்டும். பெயர், சர்வே எண், போன பயிர், அடுத்த பயிர் எழுதிய சீட்டைப் பையில் போட வேண்டும். இரண்டு காலைப் பொழுதில் 50, 60 மாதிரிகள் சேர்ந்துவிடும். மண் பரிசோதனை நிலையத்துக்குக் கொண்டுபோய்க் கொடுப்பதும், முடிவு வந்ததும் வாங்கி வருவதும் உள்ளூர் உழவர் குழுவின் பொறுப்பு.

இரண்டாவது, ஏரியின் வரத்துக்கால். மாணவர்கள் வருவதற்கு முன்பே கிராம நிர்வாக அலுவலரை அழைத்து, புல வரைபடத்தை வைத்துக் கால்வாயின் எல்லையை ஊரார் நடந்து பார்க்க வேண்டும். ஏரி ஒன்றியத்தைச் சேர்ந்ததா, நீர்வளத் துறையைச் சேர்ந்ததா என்று தெரிந்துகொண்டு அனுமதி வாங்க வேண்டும். ஆக்கிரமிப்பு உள்ள இடத்தில் மாணவர்களை இறக்கக் கூடாது. அந்தத் தகராறு ஊருக்கும் வருவாய்த் துறைக்கும் உரியது. விருந்தாளிப் பிள்ளைகள் தலையில் அதை வைப்பது நியாயமல்ல. சீமைக்கருவேல் தூரைப் பிடுங்க எந்திரம் வேண்டும். வரத்துக்காலில் அடைத்திருக்கும் பிளாஸ்டிக், புல், தளர்ந்த மண் இவற்றை மாணவர்கள் அகற்றலாம். அந்த அடைப்பு இருந்தால் ஐப்பசி மழைத் தண்ணீர் ஏரிக்குள் சேராமல் போகும்.

மரம் வேண்டுமென்றால் இப்போது இடத்தை மட்டும் அளந்து குச்சி நடட்டும். கோடை மழையில் மண் இளகியதும் ஊரார் குழி எடுத்து, வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் கன்று வைக்கலாம். ஆவணி, புரட்டாசியில் விழும் பனங்கொட்டையைக் கரையில் பத்தடிக்கு ஒன்றாக ஊன்றினால் தண்ணீர் ஊற்றும் வேலைகூட இல்லை.

மூன்றாவது, மாலை நேரப் பள்ளி வேலை. ஏழு நாளில் யாருக்கும் படிக்கக் கற்றுத்தர முடியாது. ஆனால், ஒவ்வொரு குழந்தையோடும் தனியாக உட்கார்ந்து படிக்கச் சொல்லிக் கேட்கலாம். யாருக்கு எழுத்தே தடுமாறுகிறது, யாருக்கு வாக்கியம் வருகிறது என்று குறித்துத் தலைமை ஆசிரியரிடம் கொடுக்கலாம். படித்துவிட்டு ஊரில் இருக்கும் பெண்கள் இரண்டு பேரை முதல் நாளிலிருந்தே உடன் உட்கார வைத்தால், முகாம் போன பிறகும் மாலை வகுப்பு நிற்காது.

1991-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் தொடங்கிய அறிவொளி இயக்கம் இதற்கு நல்ல சான்று. அங்கே எழுத்து சொல்லிக்கொடுத்தவர்களில் பெரும்பாலோர் அந்தந்த ஊரைச் சேர்ந்தவர்கள். சம்பளம் இல்லாமல் வந்தவர்கள். எழுத்தோடு சேர்த்து ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிளும் கற்றார்கள். தண்ணீர் எடுக்கவும், சந்தைக்குப் போகவும், பிள்ளையைப் பள்ளியில் விடவும் அது உதவியது. அதனால் வகுப்பு நின்ற பிறகும் சைக்கிள் நிற்கவில்லை.

செய்யாறு ஊருக்கும் அப்படி ஒரு வேலை உண்டு. மீட்டருக்கு ஒரு முடிச்சு போட்ட கயிற்றால், பெரியவர் ஒருவர் துணையோடு, ஐந்தாறு கிணறுகளில் தரைமட்டத்திலிருந்து தண்ணீர் எத்தனை மீட்டர் கீழே இருக்கிறது என்று பள்ளிப் பிள்ளைகளுக்கு அளக்கக் கற்றுத்தரலாம். 15 நாளுக்கு ஒருமுறை அளந்து பள்ளிச் சுவரில் எழுதினால் ஊரே பார்க்கும். நெல்லுக்கு ஏறத்தாழ 1,200 மி.மீ. தண்ணீர் வேண்டும், உளுந்துக்கு அதில் நாலில் ஒரு பங்கு போதும். மார்கழிக் கணக்கைப் பார்த்து, நவரை நெல்லா, உளுந்தா என்று முடிவு செய்தால், கதிர் வரும் நேரத்தில் கிணறு வற்றிப் பயிரை மாட்டுக்கு விடும் நிலை வராது.

'முகாம் வேண்டாம்' என்று சொல்பவர்களைத்தான் முதலில் கூட்டத்துக்கு அழைக்க வேண்டும். மண் மாதிரிக்கு ஒருவர், வரத்துக்காலுக்கு ஒருவர், மாலை வகுப்புக்கு ஒருவர், கிணற்றுக் கணக்குக்கு ஒருவர் என நான்கு உள்ளூர்ப் பெயர்களை எழுதிய பிறகு கல்லூரிக்குச் சம்மதம் சொல்லலாம். பெயர் கிடைக்காத வேலையை விட்டுவிடலாம். மார்ச் 22 உலகத் தண்ணீர் தினக் கிராம சபையில் அந்த நான்கு பேரும் எழுந்து, முகாமுக்குப் பிறகு என்ன நடந்தது என்று ஊருக்குச் சொல்லட்டும்.