வடித்து மாற்றுங்கள், அலசாதீர்கள்!

ஆட்டோமாட்டிக் கார் வைத்திருக்கும் குடும்பங்கள் நம் ஊரிலும் பெருகிவிட்டன. காலால் மிதிக்கக் கிளட்ச் இல்லை. அடிக்கடி கியர் மாற்ற வேண்டியதும் இல்லை. ஏறி உட்கார்ந்து ஆக்சிலேட்டரை மிதித்தால் வண்டி போகிறது.

இந்தச் சுகத்தைத் தருவது எது? ஓர் எண்ணெய்!

கியர் பெட்டிக்குள் இருக்கும் அந்த எண்ணெய் கெட்டுப்போனால், கியர் பெட்டியும் கெடும். அதைப் பழுது பார்க்கும் செலவு, நடுத்தரக் குடும்பத்தின் பல மாதச் சம்பளத்தை விழுங்கிவிடும். கடன் வாங்கிப் பழைய கார் வாங்கியவர் பாடு இன்னும் திண்டாட்டம்.

ஆகவேதான், "இந்த எண்ணெயை நாமே வீட்டில் மாற்றினால் என்ன?" என்று பலர் கேட்கிறார்கள்.

மாற்றலாம். ஆனால் வடித்து மாற்ற வேண்டும். அலசக் கூடாது. இதுதான் என் கருத்து.

எண்ணெயா, எந்திரமா?

1939-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி 'ஹைட்ராமாட்டிக்' என்ற கியர் பெட்டியைக் கொண்டு வந்தது. 1940-ஆம் ஆண்டு மாடல் ஓல்ட்ஸ்மொபில் காரில் அதைப் பொருத்தினார்கள். பெருவாரியாகத் தயாரான முதல் முழு ஆட்டோமாட்டிக் கியர் பெட்டி அதுதான்.

என்ஜின் ஆயிலுக்கு வழுவழுப்பும் குளிர்ச்சியும் தருவதுதான் முக்கிய வேலை. ஆட்டோமாட்டிக் கியர் எண்ணெய்க்கு அது போதாது. என்ஜினின் சக்தியைச் சக்கரத்தின் பக்கம் தள்ளுவதும் அதுவே. உள்ளே இருக்கும் கிளட்ச் தட்டுகளை அமுக்கிப் பிடிப்பதும் அதுவே. வழுக்கவும் வேண்டும், பிடிக்கவும் வேண்டும்! லேசான காரியமா?

அதற்காக என்னென்னவோ கலந்தார்கள். ஒரு காலத்தில் திமிங்கில எண்ணெய்கூடக் கலந்தார்கள்! அழிந்து வரும் உயிர்களின் பட்டியலில் 1970-இல் அமெரிக்கா அந்தத் திமிங்கிலத்தைச் சேர்த்தது. பிறகுதான் வேறு சரக்கு தேடினார்கள்.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. "ஏதோ ஓர் ஆயில்தானே!" என்று நினைத்துக் கடையில் கிடைத்ததை ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். டொயோட்டாவில் பல வண்டிகளுக்கு 'டபிள்யூ.எஸ்.' என்ற எண்ணெய். ஹோண்டாவில் பலவற்றுக்கு 'டி.டபிள்யூ.1'. ஹூண்டாயில் 'எஸ்.பி.3', 'எஸ்.பி.4' என்று இரண்டு உண்டு. ஒன்றுக்குப் பதில் மற்றொன்று ஆகாது. வண்டியோடு கொடுத்த புத்தகத்தில் எந்தப் பெயர் இருக்கிறதோ, அதையே வாங்குங்கள்.

இன்னொரு விஷயம். ஆட்டோமாட்டிக் என்று பெயர் போட்ட எல்லா வண்டியும் ஒன்றல்ல. 2014-இல் மாருதி செலெரியோவுடன் இந்தியாவில் பரவத் தொடங்கிய 'ஏ.எம்.டி.' வகை, உண்மையில் சாதாரணக் கியர் பெட்டிதான். கிளட்சையும் கியரையும் மனிதனுக்குப் பதில் கருவி இயக்குகிறது. அதற்கு வேறு எண்ணெய். 'சி.வி.டி.' வகைக்கும் தனி எண்ணெய். உங்கள் வண்டி எந்த வகை என்று தெரியாமல் ஒரு திருகைக்கூடத் தொடாதீர்கள்.

யாருடைய ஆயுள்?

"இது ஆயுள் எண்ணெய். மாற்றவே வேண்டாம்!" என்று சில கார் கம்பெனிகள் சொல்கின்றன.

யாருடைய ஆயுள்? அதுதான் கேள்வி!

ஜெர்மனியில் இசட்.எஃப். என்ற கம்பெனி இருக்கிறது. பல பெரிய கார்களுக்குக் கியர் பெட்டி செய்து கொடுப்பது அதுதான். அப்படிப்பட்ட கார்களை விற்கிறவர்களில் சிலர், "மாற்ற வேண்டாம்" என்கிறார்கள். பெட்டியைச் செய்த இசட்.எஃப். என்ன சொல்கிறது? 80,000 முதல் 1,20,000 கிலோ மீட்டருக்குள், அல்லது 8 ஆண்டுக்குள் மாற்றச் சொல்கிறது.

நான் பெட்டி செய்தவர் பக்கம். புது வண்டி வாங்கி ஐந்து வருஷத்தில் விற்றுவிடுகிறவருக்கு ஆயுள் எண்ணெய் சரிதான். அதை அவரிடமிருந்து வாங்கி, இன்னும் பத்து வருஷம் ஓட்டப் போகிற குடும்பத்துக்கு அது எப்படிச் சரியாகும்?

வடிப்பது எப்படி?

முதலில், அளவுக் கம்பி உள்ள வண்டியா என்று பாருங்கள். இப்போது வரும் பல வண்டிகளில் அந்தக் கம்பி கிடையாது. எண்ணெய் குறிப்பிட்ட சூட்டில் இருக்கும்போது, அடியில் உள்ள ஒரு திருகைத் திறந்து அளவு பார்க்க வேண்டும். சூட்டை அளக்கக் கருவியும் வேண்டும். அத்தகைய வண்டியை மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

கம்பி உள்ள வண்டி என்றால், பொறுமைசாலி ஒருவர் அரை நாளில் செய்துவிடலாம்.

வண்டியைச் சமதரையில் நிறுத்துங்கள். சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் புகாதீர்கள்! ஜாக்கி நழுவினால் உயிர் போகும். உறுதியான இரும்பு ஸ்டாண்டு வைத்து, வண்டியை அசைத்துப் பார்த்த பிறகே அடியில் போக வேண்டும். ஸ்டாண்டு இல்லையா? அன்றைக்கு வேலையும் இல்லை.

எண்ணெய் வெதுவெதுப்பாக இருந்தால் போதும். நீண்ட தூரம் ஓட்டிவிட்டு உடனே திறந்தால் கை வெந்துவிடும்.

சில வண்டிகளில் எண்ணெய் ஊற்ற மேலே தனித் திருகு இருக்கும். அதைத்தான் முதலில் கழற்ற வேண்டும். வடிகால் திருகை அதன் பிறகே திறக்க வேண்டும். ஏன் தெரியுமா? எண்ணெய் முழுதும் வடிந்த பிறகு மேல் திருகு துருப்பிடித்துத் திறக்காவிட்டால், வண்டி நின்ற இடத்திலேயே நிற்க வேண்டியதுதான்!

வடிந்த எண்ணெயை அளவு போட்ட பாத்திரத்தில் பிடியுங்கள். நிறத்தைப் பாருங்கள். இந்த எண்ணெய் புதிதில் பெரும்பாலும் சிவப்பாக இருக்கும். கறுத்துத் தீய்ந்த வாடை வந்தால், உள்ளே தட்டுகள் தேய்ந்திருக்கலாம். வடிகால் திருகில் அல்லது அடித்தட்டில் காந்தம் இருந்தால் அதையும் பாருங்கள். மை போன்ற சாம்பல் நிறப் பசை இருப்பது சகஜம். சிராய் சிராயாக இரும்பு ஒட்டியிருந்தால் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

எத்தனை லிட்டர் வடிந்ததோ, அத்தனை லிட்டர் ஊற்றுங்கள். இதில் கைக்கணக்கு உதவாது. குறைந்தால் தட்டுகளுக்குப் பிடிமானம் போகும். அதிகமானால் எண்ணெய் நுரைத்துவிடும். நுரையால் எதையும் அமுக்க முடியாது.

கடைசியாக அளவுக் கம்பியை எடுத்துப் பாருங்கள். பல வண்டிகளில் என்ஜின் ஓடும்போது பார்க்க வேண்டும். ஹோண்டாவில் நிறுத்திவிட்டுப் பார்க்க வேண்டும். உங்கள் வண்டிப் புத்தகம் சொல்கிறபடி செய்யுங்கள்.

இங்கே ஒரு வேடிக்கை. இவ்வளவு செய்தும் பழைய எண்ணெய் முழுதும் வெளியேறாது! என்ஜினுக்கும் கியர் பெட்டிக்கும் நடுவே உள்ள 'டார்க் கன்வெர்ட்டர்' என்ற உருண்டைக்குள்ளும் குழாய்களிலும் மீதி தங்கிவிடும்.

8 லிட்டர் பிடிக்கும் வண்டி என்று வைத்துக்கொள்வோம். 4 லிட்டர் வடிகிறது. 4 லிட்டர் பழையது உள்ளே நிற்கிறது. புதிது ஊற்றிச் சில நாள் ஓட்டிவிட்டு மறுபடி வடித்து ஊற்றினால், பழையது 2 லிட்டர். மூன்றாம் முறை செய்தால் 1 லிட்டர்தான். எண்ணெய் 12 லிட்டர் செலவாகும். பரவாயில்லை. ஆபத்து இல்லாத வழி இது.

அலசினால் என்ன?

"மூன்று முறை எதற்கு? ஒரே மூச்சில் அலசிவிடலாமே!" என்பார்கள் அவசரக்காரர்கள்.

வீட்டில் அலசுவது இப்படி: கியர் எண்ணெய் சூடு ஆற, ரேடியேட்டர் பக்கம் ஒரு குழாய் வழியாகப் போய் வருகிறது. அந்தக் குழாயைக் கழற்றி டப்பாவில் விடுவார்கள். என்ஜினை ஓட்டுவார்கள். உள்ளே இருக்கும் பம்பே பழைய எண்ணெயை வெளியே தள்ளும். மேலே ஒருவர் புதிதை ஊற்றிக்கொண்டே இருப்பார்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பம்பின் வேகம் என்ன, நம் கை வேகம் என்ன? ஊற்றுவது கொஞ்சம் பிந்தினாலும் பம்பு காற்றைக் குடிக்கும். எண்ணெய் இல்லாமல் தட்டுகள் தேயும். குழாய் நழுவினால் சூடான எண்ணெய் மேலே பீறிடும். சில லிட்டர் எண்ணெயை மிச்சம் பிடிக்க இவ்வளவு விபரீதமா?

டீசல் ஊற்றி என்ஜினை அலசுகிற பழக்கம் நம்மில் சிலரிடம் உண்டு. அதைக் கியர் பெட்டியில் செய்து பார்க்கவே கூடாது.

"எண்ணெய் மாற்றியதும் கியர் பெட்டி போய்விட்டது" என்று சொல்கிறவர்களும் உண்டு. விசாரித்துப் பாருங்கள். அநேகமாக, வண்டி இழுக்காமல் வழுக்க ஆரம்பித்த பிறகுதான் எண்ணெயை மாற்றியிருப்பார்கள். சாகக் கிடந்த நோயாளிக்கு மருந்து கொடுத்துவிட்டு, மருந்து கொன்றது என்று சொல்வது போல இருக்கிறது! வழுக்கும் வண்டிக்கு வீட்டு வைத்தியம் வேண்டாம். மெக்கானிக் பார்க்கட்டும்.

வடித்த பழைய எண்ணெய் அபாயக் கழிவு. சாக்கடையில் கொட்டாதீர்கள். தென்னை மரத்தடியிலும் ஊற்றாதீர்கள். மூடியுள்ள டப்பாவில் பிடித்து, குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். பழைய ஆயிலைச் சேர்த்து மறு சுத்திகரிப்புக்கு அனுப்பும் பட்டறை அருகில் இருந்தால், அங்கே கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள்.