உயரமும் உறுதியும்

மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து என் பழைய மாணவர் ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறார். அவரிடம் பழைய ஜீப் ஒன்று உண்டு. பகலில் மரக்கறி மூட்டை சுமப்பதும், இரவில் அவசரம் நேர்ந்தால் லயத்து நோயாளியைப் பதுளை ஆஸ்பத்திரியில் கொண்டு சேர்ப்பதும் அதுவே. "வண்டியை மூன்று அங்குலம் உயர்த்திப் பெரிய சில்லுகள் பூட்டலாமா?" என்பது அவர் வினா. ஊவா மலைகளில் இன்று பலர் கேட்கும் வினா அதுவாதலின், விடையை எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

கரடுமுரடான நிலத்திற்கென்றே பிறந்த லாண்ட் ரோவர் 1948ஆம் ஆண்டில் உலகுக்கு அறிமுகமாயிற்று. அதனைத் தாங்கியவை பட்டை வில்கள். அவை சுமைக்கு அஞ்சாதவை; ஏறியிருப்போரின் இடுப்பைச் சோதிப்பவை. 1970இல் ரேஞ்ச் ரோவர் சுருள் வில்லோடு வந்தது. உழைக்கும் வண்டியான லாண்ட் ரோவருக்கு அப்பாக்கியம் 1983இல்தான் கிட்டியது. அதனால் விளைந்த நன்மை மென்மை மாத்திரமன்று. வில் தாராளமாக நீண்டு சுருங்குமாயின், பள்ளத்திலும் சில்லு மண்ணை விட்டு எழாது. மண்ணைத் தொடாத சில்லு வண்டியை இழுப்பதுமில்லை, நிறுத்துவதுமில்லை.

இனி, உயர்த்துவதன் கணக்கைப் பார்ப்போம். பழைய ஜீப்பின் வில்லை உயர்த்தினால் வண்டியின் உடல்தான் உயரும். கல்லில் முதலில் முட்டுகின்ற அச்சின் நடுக்குமிழ் இருந்த இடத்திலேயே இருக்கும். அதனை உயர்த்த வல்லது பெரிய டயர். அதுவும் கூடிய விட்டத்தில் பாதியளவே. 30 அங்குல டயருக்குப் பதிலாக 33 அங்குல டயர் பூட்டினால் கிடைப்பது ஒன்றரை அங்குலம். அதற்கு நாம் கொடுக்கும் விலையோ பெரிது. ஏற்றத்தில் இழுவையும், இறக்கத்தில் பிரேக்கின் பிடியும் 11இல் ஒரு பங்கு குறையும். வேகமானியின் முள் 50 காட்டும்போது வண்டி உண்மையில் 55இல் ஓடிக்கொண்டிருக்கும்.

கோயில் தேரை எண்ணிப் பாருங்கள். பாரமான மரம் முழுவதும் அடியிலே. மேலே எழுவது மூங்கிலும் துணியும். ஜீப்பை உயர்த்தும்போது பாரமும் கூடவே ஏறிவிடுகிறது. மழையில் ஓரம் இடிந்த தோட்டப் பாதையிலும், பசறை வீதியின் வளைவுகளிலும் அது கவிழ்வதற்கு அதிகச் சாய்வு வேண்டியதில்லை. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலையே சரிந்து லயங்களை மூடியதைக் கண்டவர்கள் நாம். இம்மண்ணின் ஓரங்களை நம்பி வண்டி செலுத்துவது தகாது.

ஆகையால் முதலில் தேய்ந்த றப்பர்களையும், எண்ணெய் கசியும் ஷொக் அப்சோபர்களையும் மாற்றுக. அடுத்து, வண்டிக்குரிய அளவிலேயே ஆழமான வெட்டுடைய நல்ல டயர்களைப் பூட்டுக. சேற்றில் காற்றைச் சிறிது குறைத்து, தார் வீதிக்கு வந்ததும் மீண்டும் நிரப்புக. அதன் பின்னரும் உயரம் வேண்டுமெனில், சிறிதளவே உயர்த்தி, பிரேக் குழாய்களின் நீளத்தையும் ஸ்டியரிங்கையும் தேர்ந்த கைவினைஞரிடம் காட்டுக. மோட்டார்ப் போக்குவரத்துத் திணைக்கள விதிகளையும் காப்புறுதிப் பத்திரத்தையும் அதற்கு முன்பே பார்த்துவிடுதல் நலம்.

இவ்வளவும் செய்து கையில் பணம் மிஞ்சினால், பின்னால் அமர்வோருக்கு இருக்கைப் பட்டி பூட்டுக. பாதையில் அதிகம் தூக்கியெறியப்படுவோர் அவர்களே.