வரிக் கழிவும் கழிவு அள்ளுகிறவர்களும்

அமெரிக்காவில் சம்பளக்காரர்களுக்குச் சுகாதாரச் சேமிப்புக் கணக்கு என்று ஒன்று உண்டு. 2003இல் போட்ட சட்டம். சம்பளத்தில் ஒரு பங்கை அதில் போட்டால் வரி இல்லை. அது பெருகினாலும் வரி இல்லை. வைத்தியத்துக்கு எடுத்தாலும் வரி இல்லை. படித்து வேலைக்குப் போன நம் தோழர்கள் சிலரே இதைச் சொல்லிப் பெருமூச்சு விடுகிறார்கள். 'நமக்கும் இப்படி ஒண்ணு வந்தா நல்லதுதானே?' என்கிறார்கள். நமக்கு என்றால் யாருக்கு? அதைத்தான் பேச வேண்டியிருக்கிறது.

இங்கேயும் இதன் தம்பிகள் இருந்தார்கள், இருக்கிறார்கள். முதலாளி கொடுக்கும் மருத்துவச் செலவில் வருசத்துக்கு 15,000 ரூபாய் வரைக்கும் வரி கிடையாது என்று ஒரு சலுகை இருந்தது. பில் கொடுக்க வேண்டும். அதனால் மார்ச் மாதம் வந்தால் ஆபீஸ் முழுக்க மருந்துக்கடை பில்லாகப் பறக்கும். 2018 பட்ஜெட்டில் அதை எடுத்துவிட்டு, பில் கேட்காத 40,000 ரூபாய் நிலைக் கழிவு கொடுத்தார்கள். இன்னொரு தம்பி மருத்துவக் காப்பீட்டு பிரிமியத்துக்கான கழிவு. 1961 வருமான வரிச் சட்டத்தில் அதற்கு 80டி என்று பெயர். தனக்கும் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் 25,000 வரை, 60 வயது தாண்டிய அப்பா அம்மாவுக்கு 50,000 வரை.

வரிக்காரன் பாஷையில் கழிவு என்றால் கைக்கு வருகிற காசு. நம் தெருவில் கழிவு என்றால் கையால் அள்ளுவது. ஒரே சொல்லுக்கு ஊரில் ஒரு அர்த்தம், சேரியில் ஒரு அர்த்தம்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 30 சத வரி அடுக்கில் இருக்கிற ஒரு அதிகாரி தன் குடும்பத்துக்கு 25,000, பெற்றோருக்கு 50,000, ஆக 75,000 ரூபாய் பிரிமியம் கட்டுகிறார். செஸ் சேர்த்து அவருக்கு மிச்சமாகும் வரி 23,400 ரூபாய். 20 சத அடுக்கில் இருக்கிற என்னைப்போன்ற குமாஸ்தா அதே 75,000 கட்டினால் மிச்சம் 15,600. வரி கட்டுமளவுக்குச் சம்பளமே இல்லாத துப்புரவுத் தொழிலாளிக்கு? பூஜ்யம். பிரிமியத்தை ரொக்கமாகக் கட்டினாலும் கழிவு கிடையாது என்பது உபரித் தகவல். உடம்பு எல்லோருக்கும் ஒன்றுதான். அரசாங்கம் அதற்குப் போடும் விலை மட்டும் சம்பளத்தோடு ஏறுகிறது. மேலே இருப்பவனுக்கு அதிகம், கீழே போகப்போகக் குறைவு, கடைசியில் இருப்பவனுக்கு ஒன்றுமில்லை. இந்தப் படிக்கட்டை நமக்கு யாரும் புதிதாக அறிமுகப்படுத்த வேண்டியதில்லை.

'குடும்பம்' என்று அந்தச் சட்டம் எதைச் சொல்கிறது என்பதையும் பாருங்கள். கணவன், மனைவி, அண்டியிருக்கும் பிள்ளைகள், பெற்றோர். அவ்வளவுதான். சேரியிலிருந்து முதன்முதலாக மாதச் சம்பளம் வாங்குகிறவனின் குடும்பம் அதுவா? கூலிக்குப் போய் இவனைப் படிக்க வைத்த அண்ணன் இருக்கிறான். புருசன் குடித்தே செத்துப்போன அக்கா இருக்கிறாள். ஒரு வேளைச் சோறு போட்ட சித்தி இருக்கிறாள். ஜிப்மர் வாசலில் நின்றுகொண்டு, 'தம்பி, ஸ்கேனுக்குக் காசு வேணும்பா' என்று போன் வந்தால் எழுந்து ஓடுகிறோம். அந்தச் செலவுக்கு 80டியில் கழிவு இல்லை. சொத்தும் பத்திரமும் உள்ள வீட்டை மனதில் வைத்து எழுதிய குடும்பம் அது.

உடம்புக்கு வரும் செலவைச் சமாளிக்க இன்னொரு வழியும் இந்த நாட்டில் உண்டு. அதன் வேரில் அம்பேத்கர் இருக்கிறார். 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை அவர் கையில் இருந்தது. ஆலைத் தொழிலாளர்களுக்கான சுகாதாரக் காப்பீடு பற்றி அறிக்கை தரும் வேலை 1943இல் பேராசிரியர் அதார்க்கரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1944இல் அறிக்கை வந்தது. 1948இல் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டமானது. 1952இல் கான்பூரிலும் டெல்லியிலும் நடைமுறைக்கு வந்தது. நாம் ஈஎஸ்ஐ என்று சொல்வது இதைத்தான். அரசியல் சட்டத்தை எழுதியவர் என்று சிலை வைக்கிறவர்கள் இந்த அம்பேத்கரைப் பற்றி வாய் திறப்பதில்லை.

ஈஎஸ்ஐயின் தர்மம் வேறு. தொழிலாளி சம்பளத்தில் 0.75 சதம், முதலாளி 3.25 சதம். 2019 ஜூலையிலிருந்து இதுதான் விகிதம். பணம் சம்பளத்துக்குத் தக்கபடி போகிறது, வைத்தியம் தேவைக்குத் தக்கபடி வருகிறது. 8,000 வாங்குகிறவளுக்கும் 20,000 வாங்குகிறவனுக்கும் ஒரே மாத்திரை, ஒரே ஆபரேஷன். அதைவிட முக்கியம், நோயில் படுத்தால் வருசத்துக்கு 91 நாள் வரை கூலியில் 70 சதம் கிடைக்கும். தினக்கூலிக்காரனுக்கு முதல் அடி மருத்துவர் பீஸ் அல்ல, போகாத வேலைக்கு வராத கூலி. எந்த வரிக் கழிவும் அதைத் தொடாது. 2018இல் வந்த ஆயுஷ்மான் அட்டையும் தொடாது. அது மருத்துவமனையில் படுத்தால்தான் பேசும், மாசாமாசம் வாங்கும் சர்க்கரை மாத்திரைக்குப் பேசாது.

12,000 ரூபாய் வாங்கும் ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளிக்கு மாதம் பிடிப்பது 90 ரூபாய். முதலாளி பங்கு 390. இரண்டும் சேர்த்து வருசத்துக்கு 5,760. அப்படி நாலு பேருக்கு 23,040. அதாவது ஒரே ஒரு அதிகாரிக்கு அரசாங்கம் விட்டுக்கொடுக்கும் வரியில், நாலு தொழிலாளர் குடும்பங்களின் ஒரு வருசச் சந்தாவை முழுசாகக் கட்டிவிட்டு மிச்சம் 360 ரூபாயும் கையில் நிற்கும்.

இந்தப் புதுச்சேரிக்குத் தொழிலாளர் உரிமை சும்மா வந்ததில்லை. 1936 ஜூலை 30 அன்று பிரெஞ்சுப் போலீஸ் ஆலைத் தொழிலாளர்கள்மேல் சுட்டதில் 12 பேர் செத்தார்கள். அதற்கப்புறம்தான் எட்டு மணி நேர வேலை. 1898இல் தொடங்கிய ஏஎப்டி ஆலை 2020இல் மூடப்பட்டது. ஆலை போனபோது வேலையோடு சங்கமும் போனது. இப்போது நம் பிள்ளைகள் செக்யூரிட்டி, ஹவுஸ்கீப்பிங், குப்பை வண்டி. எல்லாம் ஒப்பந்தம். பல ஒப்பந்தக்காரர்கள் பணத்தைப் பிடிப்பார்கள், கட்ட மாட்டார்கள். கேட்டால் 'கார்டு வரும்' என்பார்கள். சிலர் முதலாளி பங்கையும் கூலியிலேயே பிடிக்கிறார்கள். அது சட்டவிரோதம். ஒப்பந்தக்காரன் கட்டாவிட்டால் வேலை வாங்கும் முதன்மை நிறுவனமே கட்ட வேண்டும் என்பதும் சட்டம். நம் ஆட்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

'ஈஎஸ்ஐ ஆஸ்பத்திரியா? அங்க யாரு போவா?' என்று முகம் சுளிக்கிறவர்கள் இருக்கிறார்கள். மருந்து இல்லை, மருத்துவர் இல்லை, மரியாதை இல்லை என்பது பல இடங்களில் உண்மை. ஏன் அப்படி ஆனது? 2017 ஜனவரியில் 21,000 ஆக்கிய சம்பள உச்சவரம்பு 2025 வரைக்கும் அசையவில்லை. கொஞ்சம் சம்பளம் ஏறினால் ஆளை வெளியே தள்ளுகிறது. குரல் எழுப்பத் தெரிந்தவன் வெளியேறித் தனியார் காப்பீடு வாங்குகிறான். உள்ளே இருப்பவர்கள் பேசப் பயப்படுகிறவர்கள். பேசத் தெரிந்தவனும் அதே வரிசையில் நின்றால்தான் கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் மருந்து வரும்.

இப்போது அந்த வரிக் கழிவையும் கை கழுவுகிறார்கள். 2020 பட்ஜெட் கொண்டுவந்த புதிய வரிமுறையில் 80டி கிடையாது. 2023-24 முதல் அதுவே இயல்பான முறை. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு ஜிஎஸ்டி இல்லை என்றார்கள். நல்லதுதான். ஆனால் சேதி ஒன்றே: உன் உடம்பை நீயே வாங்கிக்கொள். 1948 சட்டத்தை விழுங்கிய சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. அதில் நம்மவர்கள் விடுபட்டுப் போகிறார்களா என்று யார் பார்ப்பது?

நாம்தான் பார்க்க வேண்டும். மாணவத் தோழர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். அவரவர் குடியிருப்பில் ஒப்பந்த வேலைக்குப் போகும் பத்துப் பேரைப் பிடியுங்கள். சம்பளச் சீட்டு இருக்கிறதா, காப்பீட்டு எண் இருக்கிறதா, அந்த எண்ணில் பணம் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறாதவர்கள் பட்டியலை எடுத்துக்கொண்டு கூட்டமாக ஈஎஸ்ஐ அலுவலகத்துக்குப் போவோம். இந்த டிசம்பர் 6க்கு மாலையோடு அந்தப் பட்டியலும் தயாராக இருக்கட்டும்.